கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி பூட்ஸ்

புதுப்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மகள் ஷமீனாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை நௌஷாத்தும் சுகமாக இருக்கவும், என் தங்கம் ஹனியாவின் கால் விரல்கள் பழையபடி கதகதப்பாக இருக்கவும் ஐந்து வேளையும் கையேந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தினமும் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிற காலத்தில் அத்தாவுக்கு என்ன காகிதமும் பேனாவும் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி. இதைப் போனில் பேச முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், சொல்ல வந்ததை விட்டு மழையைப் பற்றிப் பேசுகிறேன். நீயும் சரி அத்தா, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். ஊரப்பாக்கம் ஜெபகுமார் உனக்கு ஞாபகம் இருக்கும், அவன் அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தபோது ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் கடையில்தான் அவனுக்கு ஸ்கூல் ஷூ. இப்போது உங்கள் வின்னிபெக்கிலேயே மேல்படிப்புப் படிக்கிறான், அக்காள் கல்யாணத்துக்கு வந்தவன் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறான். அவன் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதமும் ஒரு சின்னப் பார்சலும் அதில் வரும்.

இங்கே ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தும் மழை விட்டபாடில்லை. கடல் சீறிக்கொண்டு கிடக்கிறது, போட்டெல்லாம் கரையில்தான். மீன் இல்லாமல் உன் அம்மா தினமும் முட்டைக் குழம்பு வைத்து என்னைப் பழிவாங்குகிறாள். பஜாரில் கணுக்கால் தண்ணீர், கடைப் படியில் மணல் மூட்டை போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் லெதர் எவன் வாங்குவான், எல்லாரும் ரப்பர் செருப்புதான். வியாபாரம் அப்படி இப்படி ஓடுகிறது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கவலையெல்லாம் உன் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நீ போன வாரம் அழுதுகொண்டே சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்து. நௌஷாத்துக்கு குடோனில் ராத்திரி ஷிப்ட், அவர் வீட்டுக்கு வருவதற்குள் நீ கிளம்ப வேண்டும். காலையில் நீ ஒருத்திதான். பிள்ளையைக் கிளப்பி, கோட்டு மாட்டி, குல்லா போட்டு, எல்லாம் ஆகும் வரை அவள் சமத்து. பூட்ஸை எடுத்தால் மட்டும் வீடு ரெண்டாகிறது. உதைக்கிறாள், அலறுகிறாள், ஒரு காலில் மாட்டி மறு காலுக்குப் போவதற்குள் முதல் காலைக் கழற்றிவிடுகிறாள். பஸ் போய்விடுகிறது, வேலைக்கு லேட், மேலாளர் எச்சரித்துவிட்டார். டே கேரிலும் பனியானாலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்களாம், இத்தனை பிள்ளைகளுக்கு நாங்கள் மாட்டிவிட முடியாது, அவளே போட்டுக்கொள்ளப் பழக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அந்த பஸ் ஸ்டாப். உள்ளே ஹீட்டர் போட்ட கண்ணாடி ரூமாமே, கதவைத் தள்ளிக்கொண்டு நீ உள்ளே போய் பையில் பஸ் பாஸைத் தேடியிருக்கிறாய், திரும்பிப் பார்த்தால் பிள்ளை வெறும் சாக்ஸோடு நிற்கிறாள், பூட்ஸ் ரெண்டும் வெளியே பனியில். சாக்ஸ் பனியில் ஊறிவிட்டது. ஈரச் சாக்ஸுக்கு மேல் அந்த லேஸ் பூட்ஸ் ஏறவில்லை, நீ மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போதே பஸ்ஸும் போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் காற்றில் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால் விரலெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி. டாக்டர், தோலோடு போயிற்று, இன்னொரு தடவை ஆனால் இப்படித் தப்பிக்காது என்று சொன்னாராம். அன்றைக்குத்தான் நீ போன் போட்டு, என்னால முடியலத்தா, ஹனியாவ அங்க அனுப்பிடறேன், ஸ்கூலுக்குப் போற வயசு வர்ற வரைக்கும் நீங்களே வச்சுக்குங்க என்று சொன்னது. நௌஷாத்தின் மாமி டிசம்பரில் சென்னைக்கு வருகிறார், அவரோடு அனுப்ப டிக்கெட் போடப் போகிறாய். இவ்வளவுதானே.

இதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து உன் அம்மா தரையில் நிற்கவில்லை. ஜூனில் நீங்கள் மூன்று பேரும் விமானம் ஏறியதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை, அன்றைக்குச் சிரித்தாள். மழையோடு மழையாகப் போய் ஒரு சின்னக் கட்டில் வாங்கி வந்துவிட்டாள், அதற்கு அளவாகக் கொசுவலை. பக்கத்துத் தெரு ஸ்கூலில் எல்கேஜியில் நடுவில் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்தாகிவிட்டது. கடல் அடங்கி மீன் வந்ததும் முள்ளில்லாத துண்டாக எடுத்து வைக்கச் சொல்லி மார்க்கெட்டில் சொல்லி வைத்திருக்கிறாள், பிள்ளை வர இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. வாசல்படியில் ஹனியா விட்டுப்போன நீலச் செருப்பு அப்படியே இருக்கிறது, அதை இந்த ஆறு மாதமாக யாரையும் தொட விடவில்லை, பெருக்கும்போது அவளே தூக்கிப் பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைப்பாள். இப்போது அதைப் பார்த்து, வருவா பாரு, உன்ன போட்டுக்க வருவா பாரு என்று செருப்போடு பேசுகிறாள். இவளிடம் போய் பிள்ளை வர வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா. மனசைத் திறந்து சொல்கிறேன் ஷமீனா, அவள் வந்தால் எனக்கு உயிர் வரும். விசா கிடைக்காமல் நீயும் அவளும் இங்கே இருந்த நாளில், நான் மதியம் சாப்பிட வரும்போது என் வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வருவாளே, அந்த ஓட்டத்துக்காகவே கடையைச் சீக்கிரம் சாத்தியிருக்கிறேன். ஆனாலும் நீ டிக்கெட் என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அது ரோஷம் என்றுதான் நினைத்தேன். இந்த பஜாரில் பாதி ஊருக்குக் காலளவு தெரிந்தவன் நான், என் பேத்தி ஒரு ஜோடி பூட்ஸுக்குத் தோற்று ஊர் திரும்புவதா என்று வெறி வந்தது. உன்னிடமும் கோபம், அந்த பூட்ஸை யாருடைய யோசனையில் வாங்கினாய், காலைவிட ரெண்டு சைஸ் பெரிது, கணுக்கால் வரை லேஸ், உள்ளே மூன்று சாக்ஸ். வளர்ற புள்ள, பெருசா எடு, ரெண்டு வருஷம் ஓடும் என்று என் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிய காலத்தில் கேட்டுக் கேட்டு உன் காதில் ஊறிப்போன வசனம் அது. ஸ்கூல் ஷூவுக்கு அது சரி. பனிக்கு அது ஆகாது என்று இப்போதுதான் எனக்கே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால் கல்பாக்கம் டவுன்ஷிப் கல்யாணி அம்மா. ரிட்டயர் ஆன டீச்சர், மகன் வீட்டுக்கு அமெரிக்காவில் ஏதோ ஒரு குளிர் ஊருக்குப் போய் ரெண்டு குளிர்காலம் பேரனை வளர்த்துவிட்டு வந்தவர். பேரனுக்குச் சின்னதாகிப்போன பூட்ஸ் ஒரு ஜோடி பெட்டியோடு வந்துவிட்டதாம், ஏழைப் பிள்ளை யாருக்காவது கொடுங்கள் என்று போன வருஷம் கடையில் வைத்துவிட்டுப் போனார். புதுப்பட்டினத்தில் அதை யாருக்குக் கொடுப்பது, ஐஸ் பேக்டரிக்காரனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சிரித்துப் பரணில் போட்டிருந்தேன். அதை இறக்கி, கத்தி எடுத்துப் பிளந்து பார்த்துவிட்டேன். பிளந்ததை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, மாலிக் பாய், நல்லா இருந்த பூட்ஸ மீன் மாதிரி அறுத்துட்டீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நீங்க கடைல சொல்ற கணக்கு அங்க செல்லாது, பெரிய பூட்ஸுக்குள்ள கால் ஆடிச்சுன்னா குளிரும் உள்ள ஆடும், சாக்ஸத் திணிச்சு இறுக்கினா ரத்தம் ஓடாது, ரெண்டுமே விரலுக்கு ஆகாது என்றார். தடியான சாக்ஸ் போட்ட காலை உள்ளே விட்டால் நுனியில் உன் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். பருத்திச் சாக்ஸ் வேர்வையைக் குடித்துக்கொண்டு சில்லிட்டுக் கிடக்கும், கம்பளிச் சாக்ஸ் ஒன்றே ஒன்று போடு.

பூட்ஸ் வாங்கும்போது மேலே பூப்போட்டிருக்கிறதா என்று பார்க்காதே, வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று பார். நான் அறுத்த பூட்ஸின் நாக்கு முழுசாக முன்னால் மடிந்து வருகிறது, பிள்ளை காலைத் திணிக்க வேண்டியதில்லை, இறக்கினால் போதும். லேஸ் இல்லை, வெல்க்ரோ பட்டை ஒன்றோ ரெண்டோ, கையுறை போட்ட கையாலும் இழுத்து ஒட்டலாம். குதிகாலில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம், அதைப் பிடித்துத்தான் அவள் இழுக்க வேண்டும். அடிப்பக்கம் தண்ணீர் ஏறாத ரப்பர், அதுவும் வளைகிற ரப்பராக இருக்கட்டும், கையில் எடுத்து மடக்கிப் பார், கட்டை மாதிரி நின்றால் வைத்துவிட்டு வா. கனமும் கூடாது, நாலு வயசுக் கால் அது, செங்கல்லைக் கட்டி நடக்கச் சொன்னால் யார்தான் நடப்பார். உள்ளே கம்பளிக் கூடு ஒன்று தனியாகக் கழன்று வரும், ராத்திரி அதை உருவி வெளியே காயப்போட வேண்டும், ஹீட்டர் மேல் வைத்துச் சுட்டுவிடாதே. கடைக்கு அவளையும் கூட்டிப் போ, அவளே போட்டு அவளே கழற்றட்டும், எதை அவள் கையால் முடிகிறதோ அதை வாங்கு, நீ நடுவில் கை வைக்காதே.

இதெல்லாம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் புதன்கிழமை வரை நினைத்திருந்தேன். புதன்கிழமை சாயந்திரம், உனக்கு அது காலை, கடையிலிருந்து நானே வீடியோ போட்டேனே, பேத்தி பூட்ஸ் போடுவதைக் காட்டு என்று. நீ போனை அலமாரியில் சாய்த்துவிட்டு அவளைக் கட்டிலில் உட்கார வைத்தாய். பக்கத்திலேயே உன் தொழுகை விரிப்பு மடித்துக் கிடந்தது. நீ பூட்ஸைத் தூக்கினாய், அவள் காலை மடக்கி முட்டிக்குள் ஒளித்துக்கொண்டாள், போன் கவிழ்ந்து விழுந்துவிட்டது. உனக்கு அவசரம், எடுக்கவில்லை. எனக்கு இருட்டுதான் தெரிந்தது, ஆனால் காது கேட்டது. வாணாம்மா, வூட்டுக்குள்ள வாணாம், நன்னி திட்டும் என்று அழுதாள். ஆறு மாதத்தில் நம்ம ஊர்ப் பேச்சும் போகவில்லை, நன்னி என்று உன் அம்மாவையும் மறக்கவில்லையே என்று அப்போது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, என் புத்தியைப் பார். அப்புறம் நீ பொறுக்க முடியாமல் அவளையும் பூட்ஸையும் அள்ளிக்கொண்டு ஃப்ளாட் கதவுக்கு வெளியே பொது நடையில் போய் உட்கார்ந்துவிட்டாய். கிளம்பும் அவசரத்தில் போனை நிறுத்தாமலே பையில் போட்டிருக்கிறாய். அவள் அழுகை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து உன் குரல் மட்டும், இங்க மட்டும் போடத் தெரியுதா உனக்கு, என்ன அழ வைக்கத்தான் உள்ள அந்த ஆட்டம் ஆடுனியா என்று அதட்டியது.

இன்று ஜும்ஆவுக்குப் போனேன். பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் மேல் மோதிக்கொண்டார். குத்பா பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்த பஸ் ஸ்டாப்பில் பூட்ஸ் எப்படிக் கிடந்தது என்று நீ சொன்னாய், யோசித்துப் பார். கோபத்தில் என்னிடம், எவ்ளோ திமிரு பாருங்கத்தா, தூக்கிக்கூட எறியல, கதவுக்கு வெளிய ஜோடியா வச்சுட்டு வந்து நிக்கறா என்று சொன்னாய். ஜோடியாக. கதவுக்கு வெளியே. அடம்பிடிக்கிற பிள்ளை உதறி எறியும் ஷமீனா, ஜோடி சேர்த்து வைக்காது. அவள் அடம் பிடிக்கவில்லை. கதவைக் கண்டாள், கழற்றினாள். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நம் வாசலில் உன் அம்மா அவளுக்கு ஓதிக்கொடுத்தது அதுதானே, கழட்டு, ஜோடியா வை, சலாம் சொல்லு, உள்ள வா. செருப்போடு ஒரு அடி உள்ளே வைத்தால் அந்த அதட்டல் போடுவாளே, அதுவும் தொழுகிற இடத்துக்குப் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். உன் ஃப்ளாட்டில் வாசல் பக்கம் சாமான் அடைத்துக் கிடப்பதால் நீ அவளைக் கட்டிலில் வைத்து, உன் தொழுகை விரிப்புக்குப் பக்கத்தில், பூட்ஸ் மாட்டுகிறாய். அவளுக்குத் தெரிந்த ஒரே பெரிய தப்பை நீயே அவளைப் பிடித்து வைத்துச் செய்யச் சொல்கிறாய், அவள் அலறாமல் என்ன செய்வாள்.

இப்போது சொல், அவளை அனுப்பினால் என்ன ஆகும். உனக்கும் நௌஷாத்துக்கும் தெரியும் வேலை, பஸ், குளிர் என்று. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், வீட்டுக்குள் பூட்ஸ் போட மாட்டேன் என்று சொன்னோம், அம்மா அழுதாள், அத்தா பேசவில்லை, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே வந்து என் மடியில் உட்கார்ந்து கண் நிறைய என்னைப் பார்த்தாலும் நான் அதற்குப் பதில் சொல்ல முடியாது. என் ஆசைக்காக அவளை அப்படி வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இதைத்தான் என்னுள் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன் போலிருக்கிறது. டிக்கெட் போடாதே அம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதில் எழுதியிருப்பதைச் செய்து பார்க்கும் வரையாவது போடாதே. இதைச் செய்து பார்த்தும் நடக்கவில்லை என்றால், பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லி நானே மாமியிடம் பேசுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். வாசல் பக்கத்துச் சாமானை நௌஷாத்தை எடுக்கச் சொல், ராத்திரி முழுக்க ஊரான் சாமானைத் தூக்குகிறவருக்கு வீட்டுச் சாமான் பாரமா. அது முடியாவிட்டால் பொது நடையில் உங்கள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூல். பூட்ஸ் அங்கேதான், அறைக்குள் வரவே கூடாது. அவள் உட்கார்ந்து அவளே போடட்டும், நீ அந்த நேரத்தில் உன் கோட்டை மாட்டு, அவள் காலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பஸ் ஸ்டாப் கண்ணாடி ரூம் வீடு இல்லை என்று சொல்லிக்கொடு. எப்படிச் சொல்வது என்றால், என்னையே இழுத்து, நம்ம புதுப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுல உன் நன்னா செருப்பக் கழட்டுவாரா என்று கேள். அவளுக்கு அந்த இடம் தெரியும், அங்கே தேங்காய் பன் தின்றிருக்கிறாள், சிரிப்பாள். டே கேர் டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, எங்கே கழற்ற வேண்டும் எங்கே வேண்டாம் என்று அவரும் கைகாட்டட்டும். கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது, அதுதான் கஷ்டம். பூட்ஸ் போடுவது தப்பில்லை என்று அவளுக்கு நன்னி வாயால் சொல்ல வேண்டும். நானோ நீயோ சொன்னால் எடுபடாது, சட்டம் போட்டவள் அவள். அவளிடம் நான் எப்படிப் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. கடைக்கு ஆள் வருகிறது, இதோடு மடித்து வைக்கிறேன்.

சனிக்கிழமை, காலை நாஸ்தாவுக்குப் பிறகு.

மடித்து வைத்ததை மறுபடி பிரித்து எழுதுகிறேன், நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். நேற்று சாயந்திரம் உன் அம்மா கடைக்கு டீ கொண்டு வந்தாள், நான் காகிதத்தை பில்புக்குக்கு அடியில் தள்ளியதைப் பார்த்துவிட்டாள். இன்னாங்க, எனுக்குத் தெரியாம யாருக்கு எழுதிகினு கீறீங்க என்றாள். மறைக்க எனக்குத் தெம்பில்லை, அவளை உட்கார வைத்து முதலிலிருந்து படித்துக் காட்டினேன். பஸ் ஸ்டாப் இடம் வரும்போது டம்ளரைக் கீழே வைத்தாள். முடித்ததும், அப்போ நான் சொல்லிக் குடுத்ததுதான் புள்ள கால சுட்டுதா என்று கேட்டாள். இல்லை அக்தர், நீ நல்லதைத்தான் சொல்லிக்கொடுத்தாய், அந்த ஊரில் கதவு அதிகம், அதுதான் என்று ஏதோ சொன்னேன். டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், எனக்குக் கொடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் பாத்திரம் அத்தனையும் சத்தம் போடுகிறது. அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்து கொசுவலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், பிள்ளை வந்தால் வரட்டுமே, என்ன கெட்டுப்போகும் என்று.

இன்று காலை நான் தொழுதுவிட்டு வரும்போது அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது. ஹனியாவின் நீலச் செருப்பு மடியில். முந்தானையால் அதில் இருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வாரில் ஒட்டியதைக்கூட நகத்தால் எடுத்தாள். அப்புறம் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தாள். இத்தயும் அந்தப் பையன் பெட்டில வச்சு அனுப்புங்க, அவுங்க வூட்டு வாசல்ல வைக்கச் சொல்லுங்க, அப்ப புள்ளைக்கு எது வூடு, எது வூடு இல்லன்னு தெரியும் என்றாள். வாங்கிப் பார்சலோடு சேர்த்து வைத்தேன். உங்கள் சாயந்திரம், எங்களுக்கு நாளை காலை, அவளே ஹனியாவிடம் பேசுவாளாம். எங்க ராணி, பூட்ஸு போட்டுக்கினு வெளிய போலாம்டா, நன்னி திட்டாது என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் நடுவில் மூக்கைச் சிந்துகிறாள். ஸ்கூல்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கட்டிலை மட்டும் திருப்பிக் கொடுக்க மாட்டாளாம், லீவுக்கு நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து வரும்போது வேண்டுமாம், தனியாகப் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டுப் போனால் கட்டிலில் நானே படுத்துக்குவேன் என்று சொல்லச் சொன்னாள்.

பார்சலில் கல்யாணி அம்மா கொடுத்த கம்பளிச் சாக்ஸ் ரெண்டு ஜோடி இருக்கிறது. புது பூட்ஸ் வாங்கும் வரை அந்தப் பழைய பூட்ஸின் லேஸை உருவிவிட்டு நான் வைத்திருக்கும் எலாஸ்டிக் லேஸைக் கோர்த்துவிடு, முடிச்சே வேண்டாம், இழுத்தால் விரியும். குதிகாலுக்கு வளையம் தைக்க நாடாவும் மெழுகு நூலும் ஊசியும் வைத்திருக்கிறேன், அந்தத் தையலை நௌஷாத்திடம் விடு, உன் தையலை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நண்டுப் படத்தை நடுவில் வெட்டிப் பாதிப் பாதியாக ஒட்டும் காகிதத்தில் வைத்திருக்கிறேன், பாதியை இடது பூட்ஸ் உள்ளேயும் பாதியை வலதிலும் ஒட்டு. ரெண்டையும் சேர்த்து வைத்து நண்டு முழுசாகத் தெரிந்தால் கால் மாறவில்லை என்று அவளுக்கே தெரியும், நம்ம ஊர் நண்டை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இப்போது கிளம்பினால் செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் ஊரப்பாக்கம் போய் ஜெபகுமாரிடம் கொடுத்துவிட்டு மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம்.

நீ கெட்ட தாய் இல்லை ஷமீனா. அன்று போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய், எனக்கு நெஞ்சு அறுந்துபோயிற்று. அந்தக் காற்றில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளை யாரும் அப்படிச் சொல்ல விடமாட்டேன், உன்னையும்தான். வேளைக்குச் சாப்பிடு. உன் பூட்ஸிலும் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள், பிள்ளைக்கு வாங்கும்போது உனக்கும் ஒன்று வாங்கு. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சோற்றுத் தட்டைச் சுற்றி, நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் வேலையில் பரக்கத் செய்யட்டும், என் ஹனியாவின் காலைக் கல்லும் முள்ளும் பனியும் தொடாமல் காக்கட்டும், ஆமீன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த நீலச் செருப்பு இப்போது அவளுக்குச் சின்னதாகியிருக்கும், போட்டுப் பார்க்கச் சொல்லி இன்னொரு சண்டை இழுக்காதே. உங்கள் கதவுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிடு, போதும். இங்கே வாசல்படியில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது, உன் அம்மா இன்னும் அந்த இடத்தைத் தாண்டித்தான் கால் வைக்கிறாள்.

துஆவுடன்,
உன் அத்தா
அப்துல் மாலிக்